குளிர் அறையில் கொடுத்த வாக்கு

பனிகொண்டபள்ளியில் பிறந்தவர்கள் யாரும் செடியில் விரிந்த ரோஜாவைப் பார்த்ததில்லை. மலைச்சரிவு முழுக்க வெள்ளைக் கூரை போட்ட பாலிஹவுஸ்கள்தான், ஒவ்வொன்றுக்குள்ளும் தலையுயரத்துக்கு ரோஜாதான், ஆனாலும் எங்கள் ஊர்க் குழந்தையிடம் ரோஜா வரையச் சொன்னால் அது மூடிய விரல்களைப் போல ஒரு மொட்டை வரைந்து, காம்புக்கு ஒரு கோடு இழுத்து, அடியில் ஒரு ரப்பர் பேண்டையும் போட்டுவிட்டுத்தான் பென்சிலைக் கீழே வைக்கும். மொட்டை மொட்டாகவே கடல் தாண்டி அனுப்புவதுதான் எங்கள் பிழைப்பு. வெயில் ஏறுவதற்குள் வெட்டி, தண்ணீரில் நிறுத்தி, அடியிலை உருவி, முள் தட்டி, நீளம் பார்த்து, அட்டை சுற்றிக் கட்டாக்கி, கட்டுகளைக் குளிர் அறைக்குள் அடுக்கிக் கதவைச் சாத்திவிட்டால், லாரி வரும்வரை, விமானம் ஏறும்வரை, எங்கோ பெயர் தெரியாத ஊரில் ஒருவர் காசு கொடுத்து வாங்கித் தன் மேசையில் வைக்கும்வரை, அந்த மொட்டு விரியக் கூடாது.

அதற்காகக் கதவைச் சாத்துவதற்கு முன் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தி கதவில் உள்ளங்கையை வைத்து, உள்ளே புகையும் குளிரைப் பார்த்துக் கேட்பாள்: “நிப்பியா?” பேக்கிங் ஷெட்டில் இருக்கும் மற்ற பெண்கள் நாங்கள் அத்தனை பேரும், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, மொட்டுகளுக்குப் பதிலாகச் சொல்வோம்: “நிப்பேன்.” மூன்று முறை கேள்வி, மூன்று முறை பதில், அப்புறம்தான் தாழ்ப்பாள். இதை யார் தொடங்கியது என்று எங்களுக்குத் தெரியாது. ஒருமுறை குளிர் எந்திரம் நின்றுபோன நாளில் பயந்துபோன யாரோ ஒருத்தி தொடங்கியிருக்க வேண்டும். மேனேஜர் தேவராஜ் சார் மட்டும், பூவை நிறுத்துவது வாயல்ல, எந்திரம்தான் என்று அவ்வப்போது சொல்லிவிட்டு, தாழ்ப்பாள் விழும்வரை தள்ளி நிற்பார்.

கேட்பவள் முனிரத்னா. வீட்டில் அவள் குரலை அடுத்த அறையில் இருப்பவர்கள்கூடக் கேட்டதில்லை, பஸ்ஸில் டிக்கெட் கேட்பதற்குக்கூடப் பக்கத்தில் இருப்பவளைத்தான் கேட்கச் சொல்வாள், ஆனால் குளிர் அறைக் கதவில் கையை வைத்தால் அவள் தொண்டையிலிருந்து வரும் அந்த ஒரு சொல் கூரையில் மோதி, எங்கள் பிடரியில் இறங்கி, அதற்குப் பதில் சொல்லாமல் இருக்கவே முடியாது என்கிற மாதிரி எங்கள் வாயைத் திறக்க வைக்கும். அவள் வேலைக்கு வந்த பிறகு ஒரு மொட்டுகூட வழியில் விரிந்து திரும்பி வந்ததில்லை.

அவள் புருஷன் மாதேஷ் நாற்றுக் கூடத்தில் வேலை செய்பவன். ரோஜாவை யாரும் விதை போட்டு வளர்ப்பதில்லை, காட்டுரோஜாத் தண்டில் நல்ல செடியின் கண்ணை வைத்துக் கட்டி ஒட்டுச் செடிதான் செய்வார்கள், மாதேஷும் வருஷக்கணக்காக அதைத்தான் செய்துகொண்டிருந்தான். பம்ப் செட்டுக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாமல் ஒரு செடி பூத்து, உதிர்ந்து, சின்ன நெல்லிக்காய் அளவில் சிவப்பாகக் காய்த்திருந்ததை ஒருநாள் அவன் பார்த்தான். காயைப் பிளந்தால் உள்ளே விதை. அதை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குள் வந்தபோது எங்களில் மூத்தவளான பாப்பம்மா அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

“ரோஜாவுக்கு விதையா? அப்புறம் கோழிக்குப் பல்லு மொளைச்சிருக்கான்னும் பாத்துட்டு வாடா.”

“சிரிக்காதக்கா. ஒட்டுக் கட்டினா தாய்ச்செடி மாதிரியேதான் வரும். விதையில வர்றது என்ன நெறம், என்ன வாசனைன்னு யாருக்கும் தெரியாது. அது புதுசு.”

“உன் பொண்டாட்டி வயித்துல வர்றது என்னன்னும்தான் யாருக்கும் தெரியாது. ஒண்ணு போதாதா உனக்கு?”

முனிரத்னா அப்போதுதான் முழுகாமல் இருந்தாள், கல்யாணமாகி வெகுகாலம் கழித்து, இரண்டு கரு தங்காமல் போன பிறகு. ரோஜா விதை முளைக்க வேண்டுமானால் கொஞ்ச காலம் பனியில் கிடந்த மாதிரி குளிரில் கிடக்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்ததால், மாதேஷ் விதைகளை ஈரத்துணியில் பொதிந்து குளிர் அறையில், மேல் தட்டில், மொட்டுக் கட்டுகளுக்கு மேலே வைத்துவிட்டுப் போனான். விதைகள் குளிரில் கிடந்தன, பிள்ளை வயிற்றில் கிடந்தது, இரண்டுக்கும் கேட்கிற தூரத்தில் நாங்கள் தினமும் நிப்பியா, நிப்பேன், நிப்பியா, நிப்பேன் என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தோம்.

ஏழாம் மாதம் வளைகாப்பு நடந்த வாரத்தில் விதைகள் முளைத்தன. மாதேஷ் அவற்றைக் குளிரிலிருந்து எடுத்து நாற்றுக் கூடத்தில் போட்டிருந்த குழித்தட்டில், தேங்காய் நார்த்தூளுக்கு மேலே, எறும்பு தலையைத் தூக்கிய மாதிரி ஒவ்வொன்றாக எழுந்து, இரண்டு உருண்டையான வித்திலைகளை விரித்தன. ஒன்றுகூடப் பழுதில்லை. நாங்கள் வரிசையில் நின்று பார்த்துவிட்டு வந்தோம், முனிரத்னா வளையல் குலுங்கக் குனிந்து பார்த்தாள், மாதேஷ் யாரையும் தும்மக்கூட விடவில்லை. அதோடு அவை நின்றன.

வித்திலைக்கு நடுவில் ரம்பப் பல் வைத்த முதல் ரோஜா இலை வர வேண்டும். வரவில்லை. மாதேஷ் தண்ணீரைக் குறைத்தான், கூட்டினான், தட்டை வெயிலுக்கு நகர்த்தினான், நிழலுக்கு நகர்த்தினான், மீன் கரைசல் விட்டான், பஞ்சகவ்யம் தெளித்தான், கம்பெனியிலிருந்து வந்த அதிகாரி ஒரு நாற்றைப் பிடுங்கி வேரைப் பார்த்து வெள்ளை வெளேரென்று இருக்கிறது, குறையே இல்லை என்று சொல்லித் திரும்ப நட்டுவிட்டுப் போனார், பிடுங்கி நட்டதுகூட வாடவில்லை. வாடவும் இல்லை, வளரவும் இல்லை. வெயில் மாறியது, மழை வந்தது, பக்கத்தில் போட்ட கத்தரி நாற்று நடவுக்குப் போய்க் காய்த்தும் ஓய்ந்தது. ரோஜா நாற்றுகள் முளைத்த அன்று எப்படி நின்றனவோ அப்படியே, கூப்பிட்ட குரலுக்கு எழுந்து நின்ற பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போல, நின்றுகொண்டிருந்தன.

முனிரத்னாவின் வயிறும் ஏழாம் மாதத்தில் நின்றது. துணை சுகாதார நிலையத்து ஜெயக்கொடி சிஸ்டர் ஒவ்வொரு தடவையும் டேப் வைத்து அளந்தார், அளவு மாறவே இல்லை. எட்டு போனது, ஒன்பது போனது, பத்தும் போனது. அவளுக்குப் பின்னால் முழுகாமல் ஆனவர்கள் பெற்று, பேர் வைத்து, மொட்டையும் அடித்துவிட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தை நன்றாக இருக்கிறது, ஏழு மாதக் குழந்தை எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது என்றார்கள், நாள் கணக்கைத் தப்பாகச் சொல்கிறாள் என்று திட்டினார்கள். அறுத்து எடுத்துவிடலாமே என்று மாதேஷ் கேட்டதற்கு ஜெயக்கொடி சிஸ்டர்தான் வீட்டுக்கு வந்து நிதானமாகச் சொன்னார்: “எடுக்கலாம்பா. ஆனா வெளிய எடுத்தாலும் அது இப்படியே நின்னுடுச்சுன்னா? வயித்துக்குள்ள நிக்கிறதுக்காவது தாய் இருக்கா.”

எங்கள் ஊர் எதற்கும் பழகிவிடுகிற ஊர். முனிரத்னாவுக்குப் பஸ்ஸில் முன் சீட்டு நிரந்தரமாக ஆனது, வளைகாப்பு வளையல்கள் உடைய உடைய நாங்களே புதிது வாங்கிப் போட்டுவிட்டோம், மசக்கைக்காரிக்கென்று யார் வீட்டில் எது செய்தாலும் ஒரு கிண்ணம் போய்க்கொண்டிருந்தது. அதைவிட வேகமாக நாங்கள் நாற்றுகளுக்குப் பழகினோம். பால்காரர் ஒருநாள் கேனைக் குழித்தட்டுப் பக்கத்தில் மறந்து வைத்துவிட்டுப் போய், மறுநாள் வந்து பார்த்தால் பால் கறந்த சூட்டோடு இருந்தது. அதற்குப் பிறகு அவர் கேன்கள் எல்லாம் அங்கேதான் நின்றன. படிப்பை முடிக்கவிடாமல் கல்யாணம் பேசிய வீட்டுப் பெண் ஒருத்தி பத்திரிகையைத் தட்டுக்கு அடியில் செருகி வைத்தாள், மாப்பிள்ளை வீட்டார் வரவும் இல்லை, வரமாட்டோம் என்று சொல்லவும் இல்லை. மாவு புளிக்காமல் இருக்க, முடி நரைக்காமல் இருக்க, மகன் மீசை முளைத்துப் பேச்சு மாறாமல் இருக்க என்று ஆளுக்கொன்றைக் கொண்டுவந்தார்கள். கோர்ட்டில் இருந்த கேஸை மட்டும் யாரும் கொண்டுவரவில்லை, அது ஏற்கெனவே அப்படித்தான் இருந்தது.

பாப்பம்மா அக்கா தன் புருஷனையே கொண்டுவந்தாள். வெங்கடேசப்பா எங்கள் கம்பெனி லாரியை ஓட்டியவர், வயிற்றில் கட்டி வந்து, இனிமேல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவர் கட்டிலைத் தூக்கிவந்து நாற்றுக் கூடத்தில் குழித்தட்டுகளை ஒட்டிப் போட்டார்கள். அன்றிலிருந்து அவர் நோயும் நின்றது. குறையவில்லை, நின்றது. தினமும் அதே அரை இட்லி, அதே இடத்தில் அதே வலி, அதே வெளுத்த முகம். பச்சை வலைத் துணிக்கு அந்தப் பக்கம்தான் பேக்கிங் ஷெட், அங்கிருந்து பாப்பம்மா குரல் கொடுப்பாள், இங்கிருந்து அவர் பதில் கொடுப்பார்.

“மாத்திரை போட்டியா?”

“போட்டா மட்டும் எழுந்து ஓடிடப் போறனா?”

“வலிக்குதா?”

“பழகின நாய் மாதிரி பக்கத்துலயே படுத்திருக்குது. குலைக்கல.”

இப்படியே இருந்திருப்போம். நிற்பது எங்களுக்கு வசதியாகத்தான் இருந்தது. ஆனால் மார்கழிக் கடைசியில் ஜெயக்கொடி சிஸ்டர் முனிரத்னாவின் வயிற்றில் கருவியை வைத்துக் கேட்டுவிட்டு, கருவியைத் தட்டிப் பார்த்து, மறுபடியும் வைத்துக் கேட்டார்.

“துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவுல இடைவெளி விழுதும்மா. போன தடவைய விட அதிகமா இருக்குது.”

“அப்படின்னா சிஸ்டர்?”

“நிக்குதில்ல... நெஞ்சும் நிக்கப் பாக்குது.”

அன்று மத்தியானம் முனிரத்னா வழக்கம்போல வந்து கதவில் கையை வைத்தாள். இன்னொரு கை வயிற்றில் இருந்தது. நிப்பியா என்று கேட்டாள், நாங்கள் நிப்பேன் என்றோம், அவள் முகம் மாறியது. இரண்டாம் தடவை கேட்டாள், நாங்கள் சொன்னோம், அவள் கதவை விட்டு இரண்டடி பின்னால் போனாள். மூன்றாவது கேள்வி வரவே இல்லை. நாங்கள் ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்தபோது அவள் சொன்னாள்:

“நீங்க சொல்லும்போது உள்ள இருந்து ஒதைக்குதுக்கா. நீங்க நிப்பேன்னு சொல்ற அதே நேரத்துக்கு, ஒரு ஒதை. இத்தனை நாளும் விளையாடுதுன்னு நெனச்சேன். உங்களோட சேர்ந்து அதுவும் பதில் சொல்லுது.”

ஏழாம் மாதத்தில் பிள்ளைக்குக் காது கேட்கும் என்று சிஸ்டர் முன்பே சொல்லியிருந்தது எங்கள் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் நினைவுக்கு வந்தது. குளிர் அறையின் மேல் தட்டில் கிடந்துவிட்டு வந்து முளைத்த நாற்றுகள் வலைத் துணிக்கு அந்தப் பக்கம் இரண்டிரண்டு இலையோடு நின்றுகொண்டிருந்தன. கேள்வி மொட்டுக்கு என்று நாங்கள் நினைத்திருந்தோம், அது காதில் விழுந்த எல்லாமே வாக்குக் கொடுத்துவிட்டன.

முனிரத்னா வேலைக்கு வருவதை நிறுத்தினாள். வீட்டில் வயிற்றைத் தடவித் தடவி வளருடா, வளரும்மா என்று சொல்லிப் பார்த்தாள், மாதேஷ் குழித்தட்டு முன்னால் மண்டியிட்டுச் சொல்லிப் பார்த்தான், ஒரு இலை அசையவில்லை. திரும்பச் சொல்லாமல் இருப்பதால் மட்டும் கொடுத்த வாக்கு இல்லாமல் போய்விடாது. கொடுத்த இடத்திலேயே கேள்வியை மாற்றிக் கேட்டால்தான் அது போகும் என்று முனிரத்னா சொல்லத் தொடங்கினாள். இந்தப் பக்கம் கதவில் கை வைத்து பாப்பம்மா கேட்டாள், அவள் குரலுக்கு நாங்கள் பதில் சொன்னோம், ஆனால் அந்த லோடு பாதி வழியிலேயே விரிந்து, பெட்டியை முட்டித் திறந்து, திரும்பி வந்தது. தேவராஜ் சார் எந்திரத்தின் முள்ளைப் பார்த்தார், அது சரியாகத்தான் இருந்தது. அவர் அதற்குப் பிறகு எந்திரத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, முனிரத்னாவின் வீட்டுக்குப் போனார்.

பிப்ரவரி நெருங்கிக்கொண்டிருந்தது. வருஷம் முழுக்க நாங்கள் வளைத்து, கிள்ளி, மருந்தடித்து வளர்ப்பது அந்த ஒரு மாதத்து மொட்டுகளுக்காகத்தான். அது கெட்டால் கம்பெனி மூடும், கம்பெனி மூடினால் மலையில் வேறு வேலை இல்லை.

“இந்த சீசன் லோடு போகட்டும்மா,” என்றார் தேவராஜ் சார், வாசலிலேயே நின்றபடி. “அப்புறம் ரூமைக் காலி பண்ணித் தரேன். நீ எத மாத்திக் கேக்கணுமோ கேளு. நானே கூட நிக்கிறேன்.”

“அதுவரைக்கும் தினமும் யாரு சார் நிப்பியான்னு கேக்கறது?”

“நீதாம்மா...”

“நான் கேக்க, உள்ள இது பதில் சொல்ல, நீங்க லோடு ஏத்தற வரைக்கும் நெஞ்சு தாங்குமா சார்?”

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பி வந்துவிட்டார்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் முனிரத்னா ஷெட்டுக்கு வந்தாள். குளிர் அறை கூரை வரை நிரம்பியிருந்தது, லாரி சாயங்காலம் வரும். அவள் உட்காரவில்லை.

“இன்னைக்குக் கதவு சாத்தறப்போ நான் வந்து கேக்கப் போறேன். நிப்பியான்னு இல்ல. வருவியான்னு. சொன்ன எடத்துலயே, சொன்ன வாயாலயே சொல்லணும். நீங்க எல்லாரும் வருவேன்னு சொல்லணும்.”

ஒருத்தி சோற்றுக் கையோடு கேட்டாள், “உள்ள இருக்கற மொட்டு?”

“அதுவும் வரும்.”

“அப்ப எங்க கதி?”

பாப்பம்மா டிபன் பாக்ஸை மூடினாள். மூடி சரியாக உட்காராததால் மறுபடியும் திறந்து மூடினாள்.

“வேலை போனா வேற வேலை. நான் அதைக் கேக்கல,” என்றாள். “பால் திரியும், திரியட்டும். அந்தப் பொண்ணு கல்யாணம் நடக்கும், அவ தலையெழுத்து. அந்தப் பக்கம் என் ஆளு படுத்திருக்கான் ரத்னா. நின்னதெல்லாம் கெளம்பினா அவன் நோயும் கெளம்பும். உன் புள்ள வரணும்னா என் ஆளு போவணும். அதைத்தானே வாய் தெறந்து சொல்லச் சொல்ற?”

நாங்கள் முனிரத்னாவைப் பார்த்தோம். அவள் மறுப்பாள், அப்படி இல்லைக்கா என்பாள், அழுவாள் என்று நினைத்தோம்.

“ஆமாக்கா,” என்றாள்.

பாப்பம்மா கையில் இருந்த டிபன் பாக்ஸ் சுவரில் போய் மோதியது. “என் வாயில வராதுடி. நீ தொண்டை கிழியக் கேட்டாலும் வராது. நான் சொல்லாம இதுங்க ஒண்ணும் சொல்லாதுங்க.”

அது உண்மை. பாப்பம்மா தொடங்காமல் நாங்கள் எதற்கும் வாய் திறந்ததில்லை.

லாரி வந்து பின்பக்கமாக ஷெட்டை ஒட்டி நின்றபோது வெயில் சாய்ந்திருந்தது. டிரைவர் நஞ்சுண்டன் லாரிக்குள் குளிரைப் போட்டுவிட்டுக் காத்திருந்தான். தேவராஜ் சார் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். முனிரத்னா மாதேஷின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள், ஜெயக்கொடி சிஸ்டர் கருவிப் பையோடு பின்னால் வந்தார். வழியிலேயே ஒருமுறை கருவியை வைத்துக் கேட்டிருக்கிறார் போல, அவர் முகத்தில் ரத்தமே இல்லை. முனிரத்னா கதவில் உள்ளங்கையை வைத்தாள்.

“வருவியா?”

கூரை அதிர்ந்தது. எங்கள் வாய் திறக்கப் பார்த்தது, நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டோம். பாப்பம்மா ஒரு மொட்டுக் கட்டை எடுத்து, ஏற்கெனவே கட்டியிருந்த ரப்பர் பேண்டின் மேல் இன்னொன்றைச் சுற்றிக்கொண்டிருந்தாள். குளிர் எந்திரத்தின் உறுமல் மட்டும் கேட்டது.

“வருவியா?”

சிஸ்டர் கீழே உட்கார்ந்து கருவியை முனிரத்னாவின் வயிற்றில் வைத்தார். நாங்கள் அவர் உதட்டைப் பார்த்தோம். அவர் ஒரு துடிப்புக்காகக் காத்திருந்தார், நாங்களும் காத்திருந்தோம், ஒரு பெண் மூச்சை இழுத்துப் பிடித்து, பிடிக்க முடியாமல் விட்டு, மறுபடியும் பிடிக்கிற அளவுக்கு நேரம் ஆனது, அப்புறம்தான் அவர் தலை லேசாக அசைந்தது. மாதேஷ் பாப்பம்மாவின் காலடியில் உட்கார்ந்துவிட்டான். அவள் அவனைப் பார்க்கவில்லை. ரப்பர் பேண்ட் அறுந்து அவள் விரலில் அடித்தது.

மூன்றாவது தடவைதான் கடைசி. அதற்கு மேல் கேட்டால் அது கேள்வி இல்லை, கெஞ்சல். முனிரத்னா கண்ணை மூடினாள்.

“வருவியா?”

எங்களில் யாரும் சொல்லவில்லை. பச்சை வலைக்கு அந்தப் பக்கமிருந்து, கட்டில் கயிறு முனகுகிற சத்தம் கேட்டது, யாரோ எழுந்து உட்காருகிற சத்தம், அப்புறம் ஓர் இருமல்.

“வருவேன்,” என்றார் வெங்கடேசப்பா.

பாப்பம்மாவின் கை நின்றது.

“ஏய் பாப்பம்மா. எவ்ளோ நாள்டி நிக்கவெப்ப? கால் வலிக்குதுடி.”

“நீ படுத்துக்கிட்டுத்தானே இருக்க!” என்று அவள் கத்தினாள், வழக்கமாக அவரைத் திட்டுகிற அதே குரலில், ஆனால் நடுவிலேயே அது உடைந்தது.

“படுத்துக்கிட்டே நிக்கிறேன். உனக்கென்ன தெரியும். என்னை ஒரு வார்த்தை கேட்டியா நீ? எனக்குப் பதிலா நீயே சொல்லிக்கிட்டிருந்த. சொல்லுடி. பாவம், கேட்டுட்டு அந்தப் பொண்ணு நிக்குது.”

பாப்பம்மா மொட்டுக் கட்டைக் கீழே வைத்தாள். முந்தானையால் கையைத் துடைத்தாள், வாயைத் துடைத்தாள், கல்யாணத்தில் மணையில் உட்காரப் போகிறவளைப் போல நெற்றியைச் சரிசெய்துகொண்டாள். “வருவேன்,” என்றாள். அது அவள் குரல் மாதிரியே இல்லை. அதன் பின்னால் நாங்கள் அத்தனை பேரும் சொன்னோம், இதுவரை பூட்டி வைத்ததையெல்லாம் சேர்த்துச் சொன்னோம், வருவேன், வருவேன் என்று, எத்தனை தடவை என்று யாரும் எண்ணவில்லை, முனிரத்னா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், உள்ளிருந்து அதுவும் சொன்னது.

முதலில் வாசனை வந்தது. அந்த வாசனையை எங்களில் யாரும் அதற்கு முன்னால் முகர்ந்ததில்லை என்பதால் ஏதோ எரிகிறது என்று ஒருத்தி தண்ணீர் எடுக்க ஓடினாள். பிறகு குளிர் அறைக் கதவு தானாகத் திறந்துகொண்டது, திறக்கவில்லை, தள்ளப்பட்டது, அட்டைகள் கிழிந்து, ரப்பர் பேண்டுகள் தெறித்து, கூரைவரை அடுக்கியிருந்த அத்தனை மொட்டும் கைப்பிடியைவிட, கிண்ணத்தைவிட, தட்டைவிடப் பெரியதாக விரிந்து ஷெட்டின் தரையில் சரிந்தன. நாற்றுக் கூடத்தில் குழித்தட்டுகள் சடசடத்தன, நின்ற மாதங்கள் எல்லாம் ஒன்றாய் வந்து ரம்ப இலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின, முள் வந்தது, வலைத் துணியைக் கிழித்துக்கொண்டு கிளை வந்தது. பால்கேன்களின் மூடிகள் எழும்பின. மாப்பிள்ளை வீட்டு வண்டி மலைப்பாதையில் ஹாரன் அடிப்பது கேட்டது.

பாப்பம்மா நிதானமாக, ஓடாமல், பூக்களை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். நோய்க்கும் நின்ற மாதங்கள் பாக்கி இருந்தன, அவையும் ஒன்றாய் வந்துகொண்டிருந்தன. அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டபோது அவர், என்னடி இது, இத்தனை வருஷம் வண்டியில ஏத்தினேன், இப்படியா மணக்கும் என்று கேட்டதாகப் பிறகு சொன்னாள். வேறு எதுவும் எங்களிடம் சொல்லவில்லை.

“ஏர்போர்ட்டுக்கு நான் என்னன்னு சொல்றது?” என்று தேவராஜ் சார் முழங்கால் வரை பூவில் நின்றுகொண்டு கேட்டார்.

“பூ பூத்துடுச்சுன்னு சொல்லுங்க சார்,” என்றான் நஞ்சுண்டன், லாரியின் குளிரை அணைத்துவிட்டு. ஏனென்றால் முனிரத்னாவின் வயிறு நாங்கள் பார்க்கப் பார்க்க எட்டாகி, ஒன்பதாகி, புடவைக் கட்டு தளர்ந்து, அவள் கதவின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டாள். ஆம்புலன்சுக்குக் காத்திருக்க நேரமில்லை. பூக்களை அள்ளி லாரிக்குள் போட்டு, அதன் மேல் அவளைப் படுக்கவைத்து, நாங்களும் ஏறிக்கொண்டோம், இடமில்லாதவர்கள் படியில் தொற்றிக்கொண்டார்கள், பின்கதவைச் சாத்தக் கூடாது என்று மாதேஷ் அதைத் தன் முதுகால் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றான், லாரி திறந்த கதவோடு பூவை இறைத்தபடி மலையிறங்கியது.

முதல் வளைவில் ஜெயக்கொடி சிஸ்டர் எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்திக் கேட்டார், “வலி விட்டு விட்டு வருதா, சேந்தாப்ல வருதா?”

“சேந்தாப்ல வருது!” என்றோம் நாங்கள் எல்லோரும் ஒரே குரலில்.

“முக்கணும் போல இருக்குதா?”

“இருக்குது!”

முனிரத்னா ஒரு கையால் லாரியின் இரும்புக் கம்பியைப் பிடித்து, தலையைத் தூக்கினாள். முகமெல்லாம் வியர்வை, வியர்வையில் இதழ்கள் ஒட்டியிருந்தன.

“அக்கா, நீங்க எல்லாரும் கொஞ்சம் வாயை மூடுங்க,” என்றாள். “கேட்டது என்னை.”

நாங்கள் மூடிக்கொண்டோம். லாரி இரண்டாவது வளைவில் சாய்ந்து நிமிர்ந்தது. சிஸ்டர் மறுபடியும் கேட்டார், நாங்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“வருது,” என்றாள் முனிரத்னா.